வாசனை வராத புகை

அத்தியாயம் 11

ஹிருத்தின் வீட்டில் இப்போதெல்லாம் யாரும் இரண்டாவது கோப்பைக்கு உட்காருவதில்லை.

அடிஸ் அபாபாவில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. காபி என்றால் மூன்று சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் பெயரே பரக்கா, ஆசி. அதைக் குடிக்காமல் எழுந்து போகிறவர்கள் ஒன்று சண்டைக்காரர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பை அணைக்க மறந்து வந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் கொஞ்ச நாளாக அத்தனை பேரும் அடுப்பை அணைக்க மறந்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஹிருத் சும்மா இருக்கவில்லை. கொட்டை வாங்கும் கடையை மாற்றினாள். சிதாமோக் கொட்டை போய் ஹரார்க் கொட்டை வந்தது. குழாய்த் தண்ணீர் போய்ப் பாட்டில் தண்ணீர் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய ஜெபெனா என்ற காபிக் குடுவையைப் பரணில் ஏற்றிவிட்டு, நீளக் கழுத்தும் குண்டு வயிறுமாக ஒரு புது மண் ஜெபெனா வாங்கி, அதில் பழைய காபித்தூளைக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் பழக்கினாள். சாம்பிராணி விற்கிறவளிடம், "இது பிசினா, இல்ல ரோட்டுல பொறுக்கின தாரா? கொஞ்சமாவது மணக்குதா பாரு!" என்று சந்தை கூடும்படி சண்டை போட்டாள்.

ஒன்றும் பலிக்கவில்லை. அவளுக்கே அவள் காபி பிடிக்கவில்லை. காபி என்ன, சாப்பாடே பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு பெரிய சளி வந்து படுத்து எழுந்ததிலிருந்து எதைத் தின்றாலும் வைக்கோல் மாதிரிதான் இருந்தது. மண் கெட்டுவிட்டது, மழை கெட்டுவிட்டது, கலப்படக்காரர்கள் பெருத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு குழம்பில் இன்னும் ஒரு பிடி மிளகாய்த்தூளைப் போட்டாள்.

இந்தக் குழப்பம் தொடங்கிய வாரத்தில்தான் மகள் லெம்லெம் ஒரு நாள் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நாஹோம் என்று ஒருவன் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான் என்றாள். ஹவாஸாவில் ஆடைத் தொழிற்சாலையில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற பொறியாளன். கல்யாணமானால் அங்கேதான் போக வேண்டும். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவார்கள்.

ஹிருத் "சரி" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. "வரட்டும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

சர்ச்சிலிருந்து திரும்பியதும் ஹிருத் தோளில் போட்ட வெள்ளைத் துணியைக்கூட எடுக்கவில்லை. விருந்தாளி வரும் நாள் வழக்கப்படி கூடத்தில் பச்சைப் புல்லைப் பரப்பினாள். சிறிய காபி மேசையைத் துடைத்துக் கோப்பைகளை அடுக்கினாள். கை வேலை செய்தது. மனசு எங்கேயோ இருந்தது.

லெம்லெம் பின்னாலேயே வந்து நின்றாள். "அம்மா, இன்னிக்குக் காபி நான் போடட்டுமா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இல்லம்மா, நீ களைச்சிருப்ப."

"சர்ச்சுல நின்னுட்டு வந்தேன். மலை ஏறிட்டு வரல."

கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்த ஷிமெலிஸ் திரும்பாமலேயே, "அவதான் போடட்டுமே, ஹிருத்" என்றார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். முன்னால் பார்த்தபடியே பின்னால் இருப்பவர்களோடு பேசிப் பழக்கம்.

கண்ணாடியில் அப்பாவின் கண்ணும் மகளின் கண்ணும் சந்தித்ததை ஹிருத் பார்த்துவிட்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிறீங்க? சொல்றதை வாயால சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல" என்றார் ஷிமெலிஸ்.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நாளா என் கோப்பையை அப்படியே வச்சிட்டுப் போற? வயிறு நிறைஞ்சிருக்குன்ற. ஒரு நாள் நிறையும், ரெண்டு நாள் நிறையும். உன் வயிறு என்ன, தண்ணித் தொட்டியா?"

ஷிமெலிஸ் மழிக்கும் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழம் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். லெம்லெம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று யாரோடோ மெதுவாகப் பேசினாள். ஹிருத் கையில் துணியோடு புல்லின் நடுவில் தனியாக நின்றாள். வீடு அவளுடையதுதான். ஆனால் அதில் நடப்பது எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அஸ்தேர், இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"லெம்லெம் அம்மா, சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதே."

"தப்பா நினைக்கிற மாதிரி இருந்தா சொல்லாதே."

"சொல்லாம இருந்தா நான் என்ன பக்கத்து வீட்டுக்காரி? உன் ஷிமெலிஸ் தினம் எங்க காபி குடிக்கிறார் தெரியுமா? வட்ட ரோட்டுக்கு இந்தப் பக்கம், டயர் கடைக்குப் பக்கத்துல, தார்ப்பாய் போட்டு ஒருத்தி காபி ஊத்துறா இல்ல, அங்க. மூணு சுத்தும் குடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கிறாராம். நானே பார்த்தேன்."

ஹிருத் சல்லடையை வாங்கிக்கொண்டாள். "ஊத்துறவ எப்படி?"

"சின்ன வயசுதான்" என்றாள் அஸ்தேர். கொஞ்சம் யோசித்து, "பல்வரிசை நல்லாயிருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வட்ட ரோடு வரை எப்படி நடந்தாள் என்று ஹிருத்துக்குத் தெரியாது. கோபமா, அழுகையா, வெட்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த மனிதர் அவள் காபியைத் தவிர வேறு காபியைத் தொட்டதில்லை. ஓட்டுநர்கள் எல்லோரும் கடையில் குடிக்கும்போது இவர் மட்டும் "வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்" என்பார் என்று அவர் நண்பர்களே கேலி செய்வார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே குட்டை முக்காலியில் முழங்கால் இரண்டும் மார்பை முட்ட உட்கார்ந்திருந்தார் ஷிமெலிஸ். கையில் கோப்பை. பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. ஹிருத் அதில் போய் உட்கார்ந்தாள்.

திரும்பியவர் கையிலிருந்த காபி கால்சட்டையில் கொட்டியது.

கடைக்காரிக்கு எதுவும் தெரியாது. "வாங்கம்மா, உட்காருங்க" என்று சிரித்தாள். பல்வரிசை நன்றாகத்தான் இருந்தது. "அடுத்த கொட்டை இப்பதான் அடுப்புல போட்டிருக்கேன். அதுக்குள்ள இதைக் குடிங்க. சூடா இருக்கு." ஜெபெனாவை உயரத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் மெல்லிய நூலாக ஊற்றி நீட்டினாள்.

ஹிருத் ஒரு மடக்குக் குடித்தாள். இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"ஹிருத், நான் சொல்றதை..."

"இதுக்கா தினம் வர்ற? சுடுதண்ணில கசப்பைப் போட்டுக் கலக்கி வச்சிருக்கா. இதுல என்ன இருக்கு? என் காபிக்கு என்ன குறைச்சல்?"

கடைக்காரியின் முகம் விழுந்துவிட்டது. "காஷே, சரியில்லையா?" என்று ஷிமெலிஸைப் பார்த்து, பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு கேட்டாள்.

"நல்லா இருக்கு, செனாயித். ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர், மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

செனாயித் வறுத்துக்கொண்டிருந்த இரும்புத் தட்டை அடுப்பிலிருந்து எடுத்தாள். கொட்டைகள் இன்னும் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. வழக்கப்படி புகையும் தட்டை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோனாள். டயர் கடைக்காரர் கையால் புகையைத் தன் பக்கம் அள்ளி, கண்ணை மூடி, "ஆகா" என்றார். காவலாளி ஒருவர், "சர்ச்சுலகூட இப்படி மணக்காது" என்றார். தட்டு ஹிருத்திடம் வந்தது.

அவளும் கையால் அள்ளி இழுத்தாள். கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது.

மீண்டும் இழுத்தாள்.

புகை தெரிந்தது. நீலமாக, சுருள் சுருளாக, முகத்தின் மேலேயே ஏறியது. ஆனால் அதில் எதுவும் இல்லை. காபி இல்லை. கரி இல்லை. பக்கத்துக் கடையில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த நாற்றமும் இல்லை. சாம்பிராணிக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் சத்தியம் செய்தாளே, நல்ல பிசின்தான் என்று.

"ஷிமெலிஸ்" என்றாள் ஹிருத். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எனக்கு எதுவும் மணக்கல."

"என்ன சொல்ற?"

"மணக்கல. எதுவுமே. எத்தனை நாளா இப்படின்னு தெரியல."

செனாயித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"கொட்டை வறுக்கிறப்ப..." என்று ஆரம்பித்த ஹிருத் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கே இப்போதுதான் புரிந்தது. அவள் என்றைக்கும் கண்ணால் பார்த்துத் தட்டை இறக்கியதில்லை. வாசனை ஒரு இடத்துக்கு வரும், அப்போது இறக்குவாள். இத்தனை வாரமும் அந்த வாசனை வரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அது வரவே இல்லை. கொட்டை கரியாகும்வரை காத்திருந்திருக்கிறாள்.

"கருக்கிட்டேனா?"

"கருக்கிட்ட" என்றார் ஷிமெலிஸ். "தினம்."

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

அவர் முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ வேணும்னு கருக்குறன்னு நினைச்சோம்."

"என்னது?"

"லெம்லெம் கல்யாணப் பேச்சை எடுத்தா. நீ 'வரட்டும்'ங்கிறதுக்கு மேல வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் காபி இப்படி. என் அண்ணி வந்து சண்டை போட்டப்பவும் ஒரு வாரம் நீ உப்பில்லாம சமைச்சவதானே? கோபத்தைச் சட்டியில காட்டுற ஆளுதானே நீ? பொண்ணை ஹவாஸாவுக்கு அனுப்ப மாட்டேன்னு இப்படிச் சொல்றன்னு நானும் அவளும் பேசிக்கிட்டோம். கேட்டா வெடிச்சிடுவியோன்னு பயம்."

ஹிருத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதுக்காக இவகிட்ட வந்து உட்கார்ந்துட்டியா?"

இதற்குச் செனாயித்தான் பதில் சொன்னாள். "நீங்கதான் அந்த அம்மாவா? எனக்கு இப்படிப் போடத் தெரியாதும்மா. காஷேதான் தினம் உட்கார்ந்து சொன்னார். கொட்டையை அலசுற தண்ணி தெளியற வரைக்கும் அலசு, அடுப்பைத் தணிச்சு வறு, பொங்கினதும் இறக்கிச் சாய்ச்சு வை, வண்டல் உட்கார்ற வரைக்கும் தொடாதேன்னு. 'என் வீட்டுல இப்படித்தான் போடுவா'ன்னு சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்துட்டார். இப்பதான் பக்கத்துல வந்திருக்குன்னு சொன்னார்."

ஹிருத் கீழே வைத்த கோப்பையை மறுபடி எடுத்தாள். அவளுடைய காபி. மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தாள். கசப்பும் சூடும் மட்டும்தான் கிடைத்தது.

வீடு திரும்பும் வழியில் ஷிமெலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பழம் வாங்க இருவருமே மறந்துவிட்டார்கள்.

லெம்லெம் கதவைத் திறந்ததும் ஹிருத் நேராகவே சொல்லிவிட்டாள். "எனக்கு மூக்கு செத்துப்போச்சு. உன் கல்யாணத்துக்கும் என் காபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

லெம்லெம் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவின் மூக்கடியில் நீட்டினாள். ஹிருத் தும்மினாள்.

"எரியுது. வேற ஒண்ணும் இல்ல."

"சளிக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகும்மா. கடைக்கு இப்படி வர்றவங்களைப் பார்த்திருக்கேன். சிலருக்குத் தானா திரும்பிடும்."

"சிலருக்கு?"

லெம்லெம் டப்பாவின் மூடியை இறுக்கினாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். அப்புறம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "காலைலயே நாஹோமுக்கு போன் பண்ணிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"வர வேண்டாம்னு. அம்மாவுக்கு இஷ்டமில்லன்னு."

"மறுபடி பண்ணு" என்றார் ஷிமெலிஸ். லெம்லெம் பண்ணினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெரியவர்கள் வருவார்களா, மாட்டார்களா? புல்லை அப்படியே விடுவதா, அள்ளிவிடுவதா? யாருக்கும் தெரியவில்லை.

"வந்தாலும் வரலைன்னாலும் காபி உண்டு" என்றாள் ஹிருத். "அந்தக் கரி அடுப்பை எடு. லெம்லெம், நீ என் பக்கத்துல உட்காரு. இன்னிக்கு உன் மூக்குதான் எனக்கு."

பரணிலிருந்து பழைய ஜெபெனா இறங்கியது. கொட்டையை அலசி, தணலைக் கிளறிப் பரப்பி, இரும்புத் தட்டை வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொட்டையைக் கண்ணால் பார்த்தாள். பச்சை வெளுத்தது. வெளுப்பு மஞ்சளானது. மஞ்சள் பட்டை நிறத்துக்கு ஏறியது. முதல் கொட்டை சட்டென்று வெடித்தது, பிறகு வரிசையாக.

"இப்ப என்ன மணக்குது?"

"ரொட்டி மாதிரி."

"இன்னும் இல்ல. இப்ப?"

"கொஞ்சம்... தேன் காய்ச்சுற மாதிரி. இல்ல, அதைவிட அடர்த்தியா. அம்மா, இது நம்ம வீட்டு வாசனை!"

ஹிருத் தட்டை இறக்கிவிட்டாள். கொட்டைகளில் எண்ணெய் அப்போதுதான் மினுக்கத் தொடங்கியிருந்தது. அந்த நிறத்தையும் அந்தச் சத்தத்தையும் மனதில் பதித்துக்கொண்டாள். உரலில் போட்டு இடித்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அஸ்தேர் எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். ஆனால் உள்ளே வர தைரியம் வரவில்லை.

ஜெபெனா பொங்கி அடங்கிச் சாய்ந்திருந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

வெள்ளைத் துணி போர்த்திய மூன்று பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். நடுவில் இருந்தவர் தெஷோமெ, நாஹோமின் பெரியப்பா. ஷிமெலிஸ் நாற்காலிகளைக் காட்டினார்.

"உட்கார மாட்டோம்" என்றார் தெஷோமெ. "கேட்டதுக்குப் பதில் கிடைக்கற வரைக்கும் நிக்கிறதுதானே முறை. அதுக்கு முன்னாடி ஒண்ணு. காலைல பையனுக்கு ஒரு போன் வந்துதாம், வராதீங்கன்னு. அவன் முகத்தைத் தொங்கப் போட்டுட்டுப் போனை அணைச்சு வச்சிட்டான். போன்ல வந்த சேதியைக் கேட்டுத் திரும்பிப் போற வயசு எங்களுக்கு இல்ல. இந்த வீட்டு வாயால கேட்டுட்டுப் போறோம். உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கொடுப்பீங்களா?"

பதில் சொல்ல வேண்டியது தகப்பன். ஷிமெலிஸ் தொண்டையைச் செருமினார். பிறகு, "அவ அம்மாவைக் கேளுங்க" என்றார்.

மூன்று தலைகள் அவள் பக்கம் திரும்பின. ஹிருத் அடுப்பின் பக்கத்தில் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வாரமாக எல்லோரும் அவள் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். தனக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே தயாராக எதுவும் இல்லை.

"எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு" என்றாள். "ஹவாஸா தூரம். அவ போயிட்டா இந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. அனுப்ப மனசு இல்ல. ஆனா என் மனசுக்காக அவளைப் பிடிச்சு வைக்கவும் மனசு இல்ல. அவ கேட்டது அவளுக்குக் கிடைக்கட்டும்."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"உட்காருங்க."

மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஷிமெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோளப்பொரித் தட்டை யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் மூன்று பேருக்கும் நடுவில் நீட்டினார்.

ஹிருத் ஊற்றினாள். ஊற்றிவிட்டு முகங்களைப் பார்த்தாள். தன் காபி எப்படி இருக்கிறது என்று இனி அவள் அங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். தெஷோமெ ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். கோப்பைக்குள் குனிந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் மீதியைக் குடித்து, காலிக் கோப்பையை நீட்டினார். இன்னொருவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். மூன்றாமவர் கண்ணை மூடிக்கொண்டார். ஷிமெலிஸின் முகத்தை அவள் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டாவது சுற்றை அவரே கேட்டு வாங்கினார்.

கடைசியாக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

லெம்லெம் புல்லின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கோப்பை ஊற்றியபடியே இருந்தது. எல்லோரும் சிரித்தபோது அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் பிந்தி. அது வெட்கம் இல்லை. வெட்கத்தை ஹிருத் அறிவாள்.

மூன்றாவது சுற்றுக்குத் தண்ணீர் எடுக்க ஹிருத் சமையலறைக்குப் போனாள். லெம்லெம் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா."

"என்னம்மா? காபி நல்லா இல்லையா?"

கூடத்தில் தெஷோமெ தேதிகளைப் பேசத் தொடங்கிவிட்டார். பண்டிகைக்கு முன்னாலா பின்னாலா என்று ஷிமெலிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். லெம்லெம் சாத்திய கதவில் முதுகை அழுத்தி நின்றாள்.

"ஏம்மா அவங்களை உட்காரச் சொன்ன? நீ வேண்டாம்னு சொல்லுவன்னுதான்மா நான் நம்பிட்டிருந்தேன்."